ஐந்தின் வழிப் பெயர்கள்: பண்டைய இத்தாலியில் எண்ணுப்பெயர்களின் சொற்பிறப்பு

தமிழ் விவிலியம் படித்தோருக்குப் பொந்தியு பிலாத்து பழகிய பெயர். யூதேயாவை ஆண்ட இந்த ரோம அதிகாரியின் குலப்பெயரான 'பொந்தியுஸ்' இலத்தீனில் பிறந்ததன்று. ரோமுக்குத் தென்கிழக்கே, அப்பெனைன் மலைநாட்டில் சாம்னியர் பேசிய ஆஸ்கன் மொழிக்கு உரியது அது. கி.மு. 321இல் காவுதியக் கணவாயில் ரோமப் படையை மடக்கிப் பணியவைத்த சாம்னியத் தளபதி காவியுஸ் பொந்தியுஸும் இப்பெயர் கொண்டவரே.

இலத்தீனும் ஆஸ்கனும் இத்தாலிக் கிளையைச் சேர்ந்தவை. மூலமொழியின் 'க்வ' ஒலியை இலத்தீன் அப்படியே வைத்துக்கொண்டது. ஆஸ்கனும் அதன் உறவுமொழியான உம்பிரியனும் அதை 'ப' ஆக்கிவிட்டன. 'யார்' என்பதற்கு இலத்தீனில் 'க்விஸ்', ஆஸ்கனில் 'பிஸ்'. 'தபுலா பண்டினா' என்னும் வெண்கலச் சட்டப் பலகையில், வழக்கை எத்தனை தடவை எடுத்துரைக்கலாம் என்று வரையறுக்கும் இடத்தில் 'பொம்திஸ்' என்ற சொல் வருகிறது. 'ஐந்து முறை' என்பது அதன் பொருள். இலத்தீன் 'க்வின்க்வே' (ஐந்து) ஆஸ்கனில் எந்த உருவம் பெற்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆகவே பொந்தியுஸ், பொம்பேயுஸ், பொம்பிலியுஸ் ஆகியவை இலத்தீன் க்வின்க்தியுஸ், க்வின்திலியுஸ் ஆகியவற்றுக்கு நிகரான ஆக்கங்கள். சீசரை எதிர்த்த பொம்பேயும், சபைனியர் என்று மரபு கூறும் மன்னர் நூமா பொம்பிலியுஸும் பெயரளவில் 'ஐந்தின்' வழியினரே.

ஐந்தாவது எது? ஐந்தாம் பிள்ளை என்பது வழக்கமான விடை. ஆனால் இலத்தீன் ஆண்களின் முதற்பெயர்களில் க்வின்துஸ் (ஐந்தாம்), செக்ஸ்துஸ் (ஆறாம்), டெகிமுஸ் (பத்தாம்) ஆகியவையே பெருவழக்கு. இரண்டாம், மூன்றாம், நான்காம் என்னும் பெயர்கள் அவற்றுக்கு ஈடாக வழங்கவில்லை. நான்கு பிள்ளைகளைத் தாண்டிய பிறகுதான் ரோமர் எண்ணத் தொடங்கினார்களா? பெண்களுக்கோ செகுந்தா, தெர்தியா, க்வார்தா எனப் பிறப்பு வரிசைப் பெயர்கள் உண்டு. இந்த முரணுக்கு 1962இல் ஹான்ஸ் பீட்டர்சன் ஒரு தீர்வு சொன்னார்: இவை பிறந்த மாதத்தின் பெயர்கள். பழைய ரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. முதல் நான்கு மாதங்களுக்கு எண்ணுப்பெயர் இல்லை. ஐந்தாம் மாதமான க்வின்திலிஸ் முதல் பத்தாம் மாதமான டிசம்பர் வரைதான் உண்டு. ஆண்பெயர்களில் விடுபட்ட எண்களும் அந்த முதல் நான்கிற்குள் அடங்குபவையே.

இலத்தீனைப் பொறுத்தவரை இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் ஆஸ்கனைச் சேர்த்துப் பார்த்தால் இடறுகிறது. ஆஸ்கனிலும் எட்டு, பத்து ஆகிய எண்களிலிருந்து வந்த பெயர்கள் உண்டு; அதுவரை சரி. ஆனால் 'பெத்ரோ', 'பெத்ரோனியுஸ்' ஆகியவற்றை ஆஸ்கன் 'பெதோரா' (நான்கு) என்பதோடு இணைப்போர் உளர். அந்த இணைப்பு நின்றால், ரோம நாட்காட்டியைக் கொண்டு இத்தாலி முழுமைக்கும் விளக்கம் சொல்ல இயலாது.

எது மூலமாயினும், வரலாற்றுக் காலத்தில் அப்பொருள் வற்றிவிட்டது. சிசெரோவின் தம்பி க்வின்துஸ். மரபு அறிந்தவரை அக்குடும்பத்தில் ஆண்மக்கள் இருவரே. அந்தத் தம்பியின் மகனும் க்வின்துஸ்தான். பெயர் குடும்பச் சொத்தாகக் கைமாறியதே தவிர, யாரும் எண்ணிப் பார்த்து வைக்கவில்லை.

பொருளை மட்டும் பார்த்துச் சொற்பிறப்புச் சொல்வதன் ஆபத்துக்கு 'ஸ்பூரியுஸ்' நல்ல சான்று. இலத்தீனில் 'ஸ்பூரியுஸ்' என்றால் தந்தை இன்னாரென அறியப்படாத பிள்ளை. அப்பெயரைக் குறிக்கும் 'எஸ்', 'பி' எழுத்துகள் 'தந்தை இன்றி' எனப் பொருள்படும் 'சினே பத்ரே' என்பதற்கும் குறுக்கமாக அமைவதைப் புளூடார்க் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் மூன்று முறை கான்சலாக இருந்த ஸ்பூரியுஸ் காஸியுஸ் போன்ற பெருங்குடியினர் இப்பெயரைத் தாங்கினர். மகனுக்கு இழிபெயர் சூட்டும் பெருங்குடி ஏது? எத்ருஸ்கன் மொழியில் 'ஸ்புரா' என்றால் நகர். தர்க்குவீனியாவின் எத்ருஸ்கன் குடும்பமொன்று அந்த வேரிலிருந்தே 'ஸ்புரின்னா' எனப் பெயர் பெற்றது. மக்கள் என்னும் சொல்லோடு தொடர்புடைய 'புப்லியுஸ்' போல இதுவும் ஊர்ப்பொதுவைச் சுட்டிய பெயராகவே இருந்திருக்க வேண்டும். இழிபொருள் பரவியதும் பெயர் வழக்கொழிந்தது.

எனவே பெயரகராதி தொகுப்போர் பொந்தியுஸ், க்வின்துஸ் ஆகியவற்றுக்கு 'ஐந்தாம்' என்ற வேர்ப்பொருளைத் தருவதோடு நிற்கலாம். 'ஐந்தாவதாகப் பிறந்தவர்' என்று எழுதச் சான்றில்லை.