காது ஒழுகினால்... முதலில் உயிர், அப்புறம்தான் கேள்வி

ஓசூர் பக்கம் யாருக்காவது காது கேக்கலைன்னா, "சிப்காட்ல மெஷின் சத்தம்பா"ன்னு ஒரே வரியில் முடிச்சிடுவோம். ஆனா சின்ன வயசுலேர்ந்து சீழ் ஒழுகி, செவிப்பறையில் ஓட்டை விழுந்து மந்தமாகிற காது வேற கதைங்க. சத்தம் கெடுப்பது உள்காதை, போனது திரும்பாது. சீழ் முதலில் கெடுப்பது நடுக்காதை. அதைப் பல சமயம் ஆபரேஷனில் சரிபண்ணலாம்.

இந்த 'சரிபண்ணலாம்' வர்றதுக்கு 160 வருஷம் ஆச்சு.

1791-ல் பெர்கர்னு ஒரு டென்மார்க் அரண்மனை வைத்தியர். காது இரைச்சலும் மந்தமும் தாங்காம, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பைத் துளைக்கச் சொன்னார். மூளைக்காய்ச்சல் வந்து செத்துப்போனார். அதோட அந்த ஆபரேஷனையே பல காலம் ஓரங்கட்டிட்டாங்க.

1873-ல் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே அதை மீட்டெடுத்தார். இப்போ நோக்கம் சீழை வெளியேற்றுவது மட்டும்தான். 1890 வாக்கில் வந்தது 'ராடிகல்' ஆபரேஷன். செவிப்பறை, சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு... எல்லாத்தையும் வழிச்சு எடுத்திடுவாங்க. கொடூரம்தான். ஆனா பென்சிலின் இல்லாத காலம். சீழ் மூளைக்கு ஏறினா ஆள் பிழைக்கிறது கஷ்டம். உயிருக்கு விலையா காதைக் கொடுத்தாங்க.

1940-களில் பென்சிலின் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுல்ஷ்டைன், ஸோல்னர் ரெண்டு பேரும் மைக்ராஸ்கோப் வச்சு செவிப்பறையைத் திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க. முதலில் தோலை வச்சு ஒட்டினாங்க, சரியா நிக்கலை. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள, நெத்திப்பொட்டுத் தசை மேல் இருக்கிற மெல்லிய சவ்வுக்கு மாறினாங்க. இன்னிக்கும் பரவலா அதுதான்.

எவ்வளவு கேட்கும்? வெறும் ஓட்டைன்னா நல்ல பலன். அங்கவடி எலும்பு அரிச்சுப் போயிருந்தா பலன் குறையும். எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சி உள்ளே இருந்தா, முதலில் அதை எடுத்துக் காதைக் காய வைப்பாங்க. கேட்கும் திறனுக்குச் சில பேருக்கு ரெண்டாவது ஆபரேஷன். பழைய வரிசை மாறலை பாருங்க!

அதனால மக்களே, ஒழுகுற காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. கிருஷ்ணகிரியிலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. செவித்திறன் பரிசோதனையில் எலும்பு வழியாவும் கேட்க வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எலும்பு வழியா நல்லாக் கேட்டா, கோளாறு நடுக்காதில். அப்போ மெஷின் மேல பழியைப் போட்டுட்டு சும்மா இருக்க வேண்டியதில்லை.