மின்னூர்தியும் கல்முனைக் கரையோரமும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரத்தால் இயங்கும் சிறு வாகனங்களை இக்காலத்தின் புதுமையெனக் கருதுவோர் பலர். வரலாறோ வேறுவிதமாகச் சான்று பகர்கின்றது. 1859 இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே ஈய அமில மின்கலத்தை ஆக்கினார். 1881 இல் குஸ்தாவ் துரூவே மின்சார முச்சக்கர வண்டியொன்றைப் பாரிஸ் வீதியில் ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸ் தமது பெற்றோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886 இலேயே. முந்திப் பிறந்த மின்னூர்தி, மின்கலத்தின் பாரத்தாலும் பெற்றோலின் மலிவாலும் பிந்தித் தள்ளப்பட்டது எனலாம்.

இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. கொழும்பில் 1899 இல் ஓடத் தொடங்கிய மின்சார ட்ராம் வண்டி 1960 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக 1953 இல் வந்த துரொலி பஸ் சேவையும் 1964 இல் மறைந்தது. கம்பி செல்லும் வழியன்றி வேறுவழி செல்லவியலாத வாகனங்கள், எங்கும் செல்லவல்ல டீசல் பஸ்களுக்கு இடங்கொடுத்தன.

கல்முனைக் கரையோரமோ கம்பியையும் கண்டதில்லை, தண்டவாளத்தையும் கண்டதில்லை. 1928 இல் மட்டக்களப்பை அடைந்த புகையிரதப் பாதை அதற்குத் தெற்கே நீளவில்லை. மாட்டுவண்டியும் துவிச்சக்கர வண்டியுமே நெடுங்காலம் இப்பகுதியின் ஊர்திகளாயிருந்தன. பின்னர் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வந்தன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்கள் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குள் அடங்குவன. ஏற்றமும் இறக்கமும் அற்ற சமதரை. மருதமுனை நெசவாளர் புடவைக் கட்டும், மீன் வியாபாரியின் பெட்டியும், 1995 இல் நிறுவப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவரும் செல்லும் தூரம் குறுகியதே. சிறு மின்னூர்திக்கு இதனினும் வாய்ப்பான நிலம் அரிது.

ஆயினும் அதன் தேவை மிகுந்த வேளையில் அது கிட்டவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே கிடைத்தன. மின்சார ஸ்கூட்டரை வாங்கலாமெனின், 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. வெளிநாட்டில் உழைப்போர் தாம் அனுப்பும் பணத்துக்கு ஈடாக மின்வாகனம் இறக்க 2022 இல் வழி திறக்கப்பட்டதாயினும், உறவினர் எவரும் கடல்கடந்து உழைக்காத குடும்பத்துக்கு அவ்வழி பயன்படவில்லை. மக்கள் மீண்டும் துவிச்சக்கர வண்டியை நாடினர்.

மின்னூர்தி இருந்திருப்பினும் மின்சாரம் இருந்ததா? அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. பெற்றோலை வரவிடாது தடுத்த அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையே மின்நிலையங்களுக்கான எண்ணெயையும் தடுத்தது. வாகனத்தின் வருகையையும் அதுவே தடுத்தது. மூன்றுக்கும் மூலம் ஒன்றே. ஆகவே, எரிபொருளை விட்டு மின்கலத்துக்கு மாறுதல் மட்டும் விடுதலையாகாது. அம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுதற்குரிய முன்னுதாரணம் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை நீர்மின்நிலையம் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடையது. வயலுக்குத் திறக்கப்படும் நீரே அதன் சுழலிகளை இயக்குகின்றது. அளவிற் சிறிதாயினும், உள்ளூர் வளம் மின்வலுவாகலாம் என்பதற்கு அது சான்று. இன்று அவ்விடத்தைக் கூரைமேற் சூரியத்தகடுகள் பெறுகின்றன. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையிற் பகல்நேர மின்தேவை குறைந்தமையால், கூரைச் சூரியமின் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்துமாறு இலங்கை மின்சார சபை வேண்டியது. ஒருகாலத்தில் இல்லாமையால் இருண்ட நாடு, பின்னர் மிகுதியை வைக்க இடமின்றி நின்றது! பகலெல்லாம் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் சந்தையிலும் தரித்து நிற்கும் ஸ்கூட்டர்களின் மின்கலங்களே அம்மிகுதியைத் தாங்கவல்ல களஞ்சியங்கள். இரவில் வீட்டில் மின்னேற்றும் வழக்கத்தைப் பகலுக்கு மாற்றுதல் வேண்டும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியது. வாகனம் இனி வரும், வாங்குவோரும் உளர். ஆனால் மின்கலத்தைப் பழுதுபார்க்கும் தொழிலறிவும், உப்புக்காற்றில் அதனைப் பேணும் முறையும், பழைய ஈயத்தைத் தீங்கின்றி அகற்றும் ஒழுங்கும், பகலில் மின்னேற்றும் இடங்களும் உடன்வராவிடின், பெற்றோலுக்குக் காத்திருந்த வரிசை மின்கலத்துக்குக் காத்திருக்கும் வரிசையாக மாறுமேயன்றி வேறொன்றும் நிகழாது. கொழும்பின் ட்ராம் வண்டி நமக்கு உணர்த்தும் பாடமும் இதுவே: ஊர்தியை நிலைபெறச் செய்வது அதன் புதுமையன்று, அதனைச் சூழ அமையும் ஏற்பாடேயாம்.