தாம்பூலப் பை

தாம்பூலப் பை என்பது திருமணம், காதுகுத்து போன்ற விழாக்களில் விருந்தினரை வழியனுப்பும்போது தரப்படும் பை ஆகும். வெற்றிலை, பாக்கு, தேங்காய் அல்லது பழம் இதில் இருக்கும். முன்பு இவை தட்டில் வைத்துத் தரப்பட்டன. பின்னர் மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் துணிப்பை வழக்கத்துக்கு வந்தது.

மொய்யும் தாம்பூலமும்

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளம் ஒன்றியத்தில் உள்ள வடகாடு, அதையடுத்த கீரமங்கலம் ஆகிய பகுதிகள் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்துக்குப் பெயர் பெற்றவை. மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதப்படும். வாங்கியவர் பின்னாளில் அதைக் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். தாம்பூலத்துக்கு இத்தகைய கணக்கு இல்லை. நூறு எழுதியவருக்கும் ஆயிரம் எழுதியவருக்கும் ஒரே தாம்பூலம்தான்.

பிறந்தநாள் விழாவில்

கேக் வெட்டும் வழக்கம் பரவியபின், வரும் குழந்தைகளுக்கு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ கொடுப்பதும் பரவியது. பென்சில் பெட்டி, டிபன் பாக்ஸ், பொம்மை போன்றவை தரப்படுகின்றன. வந்த பரிசுக்கு ஈடாகத் தரவேண்டும் என்று எண்ணினால் இதுவும் மொய்க் கணக்காகிவிடும். அப்போது வசதி குறைந்த பெற்றோர் விழா வைக்கவும், பிள்ளையை விழாவுக்கு அனுப்பவும் தயங்குவர்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது.

பிறந்தநாளில் பை கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குத் தாம்பூல மரபிலேயே விடை உண்டு. தாம்பூலம் பரிசுக்குப் பதில் அன்று. வந்தவரை மதித்து அனுப்பும் முறை. ஒரு பென்சிலும் நாலு மிட்டாயும் ஆனாலும், பரிசு கொண்டுவந்த பிள்ளைக்கும் வெறுங்கையுடன் வந்த பிள்ளைக்கும் ஒன்றுபோல் கொடுத்தால் அம்மரபு நிலைக்கும்.