பால்மரம் தந்த உறுதி

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் மலாயாவெங்கும் இரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பு, உலகின் வண்டிச் சக்கரங்களை உருட்டியது. பின்னாளில் அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு இடம் விட்டன. ஆயினும் பால்மரத்தின் வரலாறு முடிந்துவிடவில்லை.

1926இல் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமுவாஞ், நுண்ணுயிர்கள் தம் உடலுள் சேமித்து வைக்கும் ஒரு பொருளைக் கண்டறிந்தார். அது மண்ணில் மக்கும் பிளாஸ்டிக். சோள மாவிலிருந்து பெறும் பாலிலாக்டிக் அமிலமும் தக்க வெப்பத்தில் மக்கக்கூடியது. எனினும் இரண்டும் எளிதில் நொறுங்குவன.

இக்குறையைத் தீர்க்க அறிஞர்கள் இயற்கை இரப்பரை நாடினர். உருகிய பிளாஸ்டிக்கில் சிறிதளவு இரப்பரைக் கலந்தால், அது நுண்துளிகளாய்ப் பரவி நிற்கும். அடி விழும்போது அத்துளிகள் அதிர்ச்சியைத் தாங்கி, வெடிப்பு பரவாமல் தடுக்கும். துளிகள் பெருத்தாலோ, பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல் விலகினாலோ பயன் குறையும். ஆதலால் இரண்டையும் இணக்க, வேதியியல் முறையில் மாற்றிய இரப்பரும் சேர்க்கப்படுகிறது. கலவையின் விறைப்பு சற்றே குறையும், உறுதியோ கூடும்.

வன்மையை மென்மை காக்கிறது! அன்று பெற்றோர் வாளியில் சேர்த்த பாலை, இன்று பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் ஆராயலாம். மாணவர்களே, அவ்வரலாற்றின் அடுத்த ஏடு உங்கள் கையில் இருக்கிறது.