360 நாள் பதவி, பிறகு கணக்கு



நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு நெருங்குகிறது. சென்ற முறை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டேங்கர் லாரித் தண்ணீர்ச் செலவு, லிப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல் என்று கேள்வி கேட்க இருபது கைகள் உயர்ந்தன. "சரி, அடுத்த பொருளாளராக யார் வருகிறீர்கள்?" என்று கேட்டதும் எல்லாக் கைகளும் செல்போனுக்குப் போய்விட்டன. என் கையும்தான். கடைசியில் பழைய நால்வரே தொடர்ந்தார்கள். அந்த நால்வரைப் பற்றித்தான் ஆண்டு முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு வேறொன்று எழுத நினைத்திருந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு உத்திரமேரூர்தான் மனதில் நின்றது. இங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து தென்மேற்கே திரும்பினால், சிங்கப்பெருமாள்கோவில் நெரிசல் அனுமதித்தால், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்று அது ஒரு பேரூராட்சி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெயர்.

"குடவோலைதானே, பள்ளியிலேயே படித்துவிட்டோம்" என்று நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இந்தக் கல்வெட்டு வந்தது. ஆனால் எல்லோரும் பானை, ஓலை, சிறுவன் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓலை எடுத்த மறுநாளிலிருந்து அந்த ஆட்கள் என்ன செய்தார்கள், பதவி முடிந்ததும் அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதில்தான் நமக்கு விஷயம் இருக்கிறது.

ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சியிலும் 30 வார்டுகள்தான். தற்செயல்தான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான தற்செயல். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, கட்டாகக் கட்டி, மேலே அந்தக் குடும்பின் பெயரெழுதிய வாயோலை ஒன்றையும் வைத்துப் பானையில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் சபை மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி பானையைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு காலிப் பானையில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். அவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாதே! பெயரை அவர் வாசித்த பிறகு, மண்டபத்திலிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். யாரும் யாரையும் நம்பவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. நம்பிக்கையின்மையை இவ்வளவு மரியாதையோடு நடத்திய கூட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

முப்பது பெயர் வந்ததும் வேலைப் பிரிவினை. முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களில், கல்வியிலும் வயதிலும் மூத்த 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு முழுவதும் பொது மேற்பார்வை. மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்து ஆளுக்கு 6 பேர். (பஞ்சவாரம் என்பது ஒரு வகை வரி என்று பொதுவாகச் சொல்வார்கள்; அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.) முதல்முறை வருகிறவர் தோட்டத்தையோ ஏரியையோ பார்த்துத் தொழில் பழகிவிட்டுத்தான் மேலே போக முடியும். ஓலைக் குலுக்கலில் வந்தவர் நேரே தலைவர் நாற்காலியில் உட்கார முடியாது.

ஏரி வாரியத்துக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. ஊர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்திலேயே வெட்டியது. அதைத் தூர்வாருவதற்காக ஆட்கள் பொன் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொன்னைச் செலவழித்துவிடாமல் முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் மண் எடுக்கும் பொறுப்பைச் சபை ஏற்றுக்கொண்டது. கார்ப்பஸ் ஃபண்ட் என்று பில்டர் நம்மிடம் வாங்கினாரே, அதே ஏற்பாடு. வட்டியை மட்டும் தொட வேண்டும், முதலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை உட்பட. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும் என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஏரிக்கென்று ஆறு பேரை நேர்ந்துவிட்ட ஊரின் மேல் கொஞ்சம் பொறாமை வருகிறது.

பொன் சம்பந்தமான இன்னொரு கல்வெட்டும் சுவையானது. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றுப் பார்ப்பதற்குத் தேர்ந்தவர்களை மாடவீதியிலிருந்தும், சேனையிலிருந்தும், சங்கரப்பாடி என்ற எண்ணெய் வணிகரிடமிருந்தும் எடுத்தார்கள். எல்லோருடைய பொன்னையும் ஒரே மாதிரி உரைத்துப் பார்க்க வேண்டும். உரைகல்லில் ஒட்டிய பொன் துகளை மெழுகில் ஒற்றி எடுப்பார்களே, அந்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். துகள்கூட வீட்டுக்குப் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்வத்சர வாரியத்தார் முன்னால் வந்து சத்தியம் செய்ய வேண்டும். நம் செய்தி மடல் வருகிற இடைவெளி.

இந்த வாரியங்கள் 360 நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். நடுவில் ஒருவர் தவறு செய்ததாகத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே. ஒருமுறை வாரியம் செய்தவர் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஓலையில் எழுதவே கூடாது. இதை நம் நிலையோடு வைத்துப் பாருங்கள். நம்மைப் போன்ற சங்கங்கள் பதிவாகியிருக்கும் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. மீண்டும் வருவதற்குத் தடையில்லை. அங்கே ஓராண்டு வேலை, மூன்றாண்டு ஓய்வு. இங்கே மூன்றாண்டு வேலை, ஓய்வே இல்லை. நான்கு ஆண்டுகளில் அந்த மூன்று வாரியங்களுக்கு மட்டும் 120 வேறு வேறு ஆட்கள் வேண்டியிருக்கும். "எனக்கு நேரமில்லை" என்று சொல்ல அங்கே எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

இனி கணக்கு விஷயம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இது குறித்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. முதலாவது முதலாம் பராந்தகன் ஆட்சியின் 12ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 919 வாக்கில். இரண்டாவது 14ஆம் ஆண்டு, 921. இரண்டே ஆண்டுக்குள் சட்டத் திருத்தம்! அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி வந்து உடனிருக்க, சபை கூடி விதியை எழுதிக் கல்லில் வெட்டியது. அடுத்த முறை வேறோர் அதிகாரி, சோமாசிப் பெருமாள் என்பவர், மறுபடி வந்து உட்கார வேண்டியிருந்தது. ஊராரே தம்மைத் தாம் ஆண்டுகொண்டார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த அதிகாரிகளைச் சொல்வதில்லை. ஊரில் கெட்டவர்கள் அழிந்து நல்லவர்கள் வளர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று இரண்டாவது கல்வெட்டே சொல்கிறது. அப்படியென்றால் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

திருத்தத்தைப் பாருங்கள். முதல் விதியில் வயது 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. அது சிறிய விஷயம். முதல் விதி, வாரியம் முடித்து இறங்கியவர்களின் நெருங்கிய உறவினர் வரக் கூடாது என்று பொதுவாகச் சொல்லியது. "நெருங்கிய" என்றால் எவ்வளவு நெருக்கம்? இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை வாதம் நடந்திருக்கும் என்று எந்தச் சங்கத்தில் இருந்தவருக்கும் ஊகிக்க முடியும். இரண்டாவது விதி அந்த வாதத்துக்கு இடமே வைக்கவில்லை. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவருக்கு இனி இடமில்லை. அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கு இல்லை. அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் இல்லை. தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், தந்தை, மகன் ஒருவருக்கும் இல்லை. கணக்குக் காட்டாதவன் வீட்டில் அன்றிரவு மாமனார் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பொய் ஓலை எழுதியவருக்கும், கழுதை மேல் ஏற்றப்பட்டவருக்கும், பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் தடை உண்டு. ஆனால் பட்டியலின் முதல் ஆள் கணக்குக் காட்டாதவன்தான்.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலமே பொற்காலம்" என்று எனக்கு எழுதாதீர்கள். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். ஓலையில் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஒரு வேதத்தோடு அதன் உரையும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று கொஞ்சம் சலுகை. சொந்த மனையில் சொந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் அன்றும் கணக்கில் இல்லை. இங்கே முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்தவன் என்பதால் இதில் என் கண் உடனே போனது. அந்த ஏரித் தண்ணீரில் உழுதவர்கள், நட்டவர்கள், ஒரு பெண்கூட, அந்தப் பானைக்குள் இல்லை. பெரும்பாலானோருக்கு அந்த ஊராட்சி என்பது யாரோ எடுத்த முடிவு.

அந்தக் கதவு திறக்க வெகுகாலம் ஆயிற்று. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் நகர உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடும் சட்டக் கட்டாயமாயின. தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு 2016இல் பாதியாக உயர்ந்தது. ஆனால் அதே 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் நகர உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல், தனி அலுவலர்களின் கீழ் இருந்தோம். 2021இல் நம் பேரூராட்சி நகராட்சியானது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தோம். அந்த ஏப்ரலிலேயே சொத்துவரி உயர்வு வந்தது: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. நம் வளாகத்தில் அதைப் பற்றிப் பேசாத பிளாக் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. நமக்குப் பக்கத்தில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். இந்தச் சபையில் வார்டு வாக்காளர் யாரும் உட்காரலாம். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம். பம்மல் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நம்மில், நம் வார்டுக் கூட்டத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன். மறுபடியும் செல்போனை எடுப்பீர்கள்.

உத்திரமேரூர் போனால் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். பெரிய கோயில் அல்ல. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சபை கூடிய மண்டபம் இதுவே என்று கருதப்படுகிறது. எழுத்து பழைய தமிழும் கிரந்தமும் கலந்தது, நம்மால் படிக்க முடியாது. ஆனாலும் கல்வெட்டின் கடைசிப் பகுதியில் கணக்கருக்கான விதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்தச் சுவர் முன்னால் நில்லுங்கள். நேர்மையாகச் சம்பாதித்தவர்தான் கணக்கு எழுதலாம். எழுதிய காலத்துக்கான கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, "சுத்தம்" என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அவருக்கு மறுபடி வேலை. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொரு கணக்கர் உள்ளே வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது.

பொருளாளர் பதவிக்கான விண்ணப்பம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பூர்த்தி செய்யவில்லை.