பூட்ஸின் வார்

லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை பென்டிரைவில் அப்படியே காப்பி செய்து, பழைய மடிக்கணினியில் செருகினேன். பூட் செய்யத்தக்க சாதனம் எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. மொத்த இயங்குதளமும் உள்ளே இருக்கிறது. பூட் மட்டும் ஆகவில்லை. அது என்ன ‘பூட்’?

காலில் மாட்டுகிற பூட்ஸேதான். உயரமான தோல் பூட்ஸின் மேல்விளிம்பில் சிறு வார் ஒன்றை வளையமாகத் தைத்திருப்பார்கள். அதில் விரலைக் கோத்து இழுத்தால் கால் சுளுவாக உள்ளே இறங்கும். அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு வழக்கு பிறந்தது. நடக்கவே நடக்காத காரியத்துக்குச் சொன்னது. நம் தர்க்க வாதங்களில் ‘தன் தோளில் தானே ஏறுவது’ என்பார்களே, அதே பொருள். பிறர் தயவின்றி முன்னேறுவதற்கான பாராட்டாகப் பின்னால் மாறியது.

கணினிக்கும் இதே சிக்கல்தான். நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அதை ஏற்றுவது எது? 1952இல் வந்த ஐபிஎம் 701இல் ‘லோடு’ பொத்தானை அழுத்தினால் துளையட்டையிலிருந்து 36 பிட் மட்டும் உள்ளே வரும். அது அடுத்ததை இழுக்கும், அடுத்தது அதற்கடுத்ததை. அந்த இயந்திரத்தைப் பற்றி ஐபிஎம் பொறியாளர் வெர்னர் புக்ஹோல்ஸ் 1953இல் எழுதிய கட்டுரையிலேயே ‘பூட்ஸ்ட்ராப்’ உத்தி என்ற பெயர் இருக்கிறது.

1965இல் வந்த பிடிபி-8 கணினியில் முதல் இழுப்பு மனிதக் கையால். முகப்பில் 12 விசைகள். மேலே தள்ளினால் 1, கீழே 0. பன்னிரண்டையும் ஒழுங்கு செய்து இன்னொரு விசையைத் தட்டினால் ஒரு கட்டளை நினைவகத்தில் விழும். இப்படிக் கட்டளை கட்டளையாக உள்ளே போட்டால்தான் காகித நாடாவிலிருந்து மீதியைப் படிக்கும். அந்த விரல்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

பேச்சில் ‘ஸ்ட்ராப்’ உதிர்ந்து ‘பூட்’ தங்கியது. ஆனால் வார் இல்லாமல் வேலை நடப்பதில்லை. பயாஸ் என்ற தொடக்க நிரல் கொண்ட பழைய கணினி பென்டிரைவின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட் பதினறும எண்ணில் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். நான் காப்பி செய்ததில் கோப்பு வந்தது, அந்த முதல் துண்டு வரவில்லை.

மறுநாள் வேறொரு கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, மடிக்கணினியில் செருகினேன். முதலில் ஒரு வரி, பிறகு நாலைந்து, பிறகு திரை கொள்ளாத வரிகள்.