பேரம் இடம் மாறிய கதை: தென்னார்க்காட்டுச் சட்டமன்ற உறுப்பினரும் மயிலம் தொகுதியும்

மயிலம் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி அமைந்தது 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில்தான். மலைமேல் முருகன் கோயில், பொம்மபுர ஆதீனம், அதன் தமிழ்க் கல்லூரி என ஊருக்கு நெடுநாள் பெயர் உண்டு. வாக்காளர்களோ அதுவரை அண்டைத் தொகுதிகளில் பிரிந்து கிடந்தனர். புதிய தொகுதி முதல் மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகளைத் தேர்ந்தெடுத்தது. 2011இல் அ.தி.மு.க.வின் கே.பி. நாகராஜன், 2016இல் தி.மு.க.வின் இரா. மாசிலாமணி, 2021இல் பா.ம.க.வின் சி. சிவக்குமார். ‘வன்னியர் மிகுந்த தொகுதி’ என்ற வழக்கமான விளக்கம் இதற்குப் போதாது. பத்தாண்டில் சமூகங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறிவிடவில்லை. வென்ற கட்சி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது. மாறாத ஒன்றைக் கொண்டு மாறியதை விளக்க முடியாது.

விடையை 1952இலிருந்து தேடுவது பொருத்தம் என்பது என் கருத்து. அன்று மயிலத்தை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர் கூட்டணிப் பேரத்தைத் தானே நடத்தினார். இன்று அந்தப் பேரம் முடிந்த பிறகுதான் அவர் வேட்பாளராகவே ஆகிறார். அவருடைய அரசியல் வாழ்வின் அளவையும் ஆயுளையும் இந்த மாற்றமே தீர்மானித்திருக்கிறது.

முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த திண்டிவனம் மக்களவைத் தொகுதியின் இரு இடங்களும் உழைப்பாளர் கட்சிக்கே கிடைத்தன. அந்தத் தேர்தலில் போட்டியிடாத தி.மு.க., இவ்விரு கட்சிகளுக்கும் ஆதரவளித்தது. ஆனால் வென்றவர்களைத் தன் பக்கம் நிறுத்திக்கொள்ள அதனால் முடியவில்லை. இராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலு இடம்பெற்றார். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது பேரவை சுருங்கியது. உழைப்பாளர் கட்சியின் இடங்களோ தமிழ் மாவட்டங்களில் இருந்தவை. அவையின் அளவு குறைந்ததால் அவற்றின் எடை கூடியது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராசர் படையாட்சியை அமைச்சராக்கினார். கட்சி காங்கிரசில் கரைந்தது.

இதைத் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போவது திராவிட இயக்க வரலாற்று நூல்களின் பழக்கம். இன்னொரு தரப்புக்கு அது வன்னியர் சமூகத்தின் வெற்றி. இரண்டும் ஒரு நடைமுறை உண்மையைத் தவறவிடுகின்றன: அன்று கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் கிடையாது, அவையில் யாருக்கும் தனிப் பெரும்பான்மையும் இல்லை. அப்படிப்பட்ட அவையில் ஒவ்வோர் உறுப்பினருடைய கையும் விலைமதிப்புள்ளது. படையாட்சி செய்தது அந்த விதிகளுக்குள் செய்யக்கூடிய ஆட்டம். பின்னாளில் 1980, 1984 தேர்தல்களில் அதே திண்டிவனத்திலிருந்து காங்கிரஸ் மக்களவை உறுப்பினராக அவர் சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், அமைச்சர் பதவி ஒருநாள் ஆதாயமாக மட்டும் முடியவில்லை என்பது விளங்கும்.

அதே விதிகளுக்குள் வேறு வழியும் இருந்தது. அதற்குச் சான்று ஏ. கோவிந்தசாமி. 1952இல் உழைப்பாளர் கட்சியின் சார்பில் விக்கிரவாண்டியில் வென்ற அவர், படையாட்சியுடன் காங்கிரசுக்குப் போகவில்லை. அவருடைய உழவர் கட்சியின் உதயசூரியன் சின்னம்தான் தி.மு.க.வுக்கு வந்தது என்று அக்கட்சியினர் சொல்வர். இந்தச் சின்னக் கதை அவருடைய வாழ்க்கையின் மற்ற பகுதிகளை மறைத்துவிட்டது. மேடையில் ‘ஏ.ஜி.’ என்ற பெயர் வந்தாலே பேச்சு சூரியனில் போய் நின்றுவிடும்! உண்மையில் கவனிக்க வேண்டியது அவர் காத்திருந்த காலம். 1957இல் வளவனூரில் வென்று, தி.மு.க.வின் முதல் பதினைந்து உறுப்பினர்களில் ஒருவராகப் பேரவைக்கு வந்தார். முகையூரில் வென்று, 1967 மார்ச்சில் அண்ணாவின் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் வேளாண்மைத் துறையை ஏற்றார். படையாட்சிக்கு 1954இல் கிடைத்த அமைச்சர் பதவி அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. 1969இல், அமைச்சராக இருக்கும்போதே காலமானார்.

விக்கிரவாண்டி, வளவனூர், முகையூர் என மூன்று தேர்தல்களில் மூன்று தொகுதிகள். சொந்த வாக்கு வங்கியை நம்பி ஒரே இடத்தில் வேரூன்றியவரின் வரலாறு இதுவல்ல. ஒரு சமூகத்தின் வாக்கைப் பேரப் பொருளாகத் தனியே வைத்திருக்காமல், அதைப் பெரிய கட்சி ஒன்றின் அடித்தளத்தோடு கலந்தவரின் வரலாறு. 1967க்குப் பின் தென்னார்க்காட்டில் தி.மு.க. பெற்ற வலுவைச் சினிமாவையும் மேடைப்பேச்சையும் கொண்டு மட்டும் விளக்குபவர்கள், இந்தக் கலப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கட்சித் தாவலுக்குத் தடை போட்டது. 2003இல் 91ஆவது திருத்தம், மூன்றிலொரு பங்கினர் பிரிந்து போகலாம் என்ற வழியையும் அடைத்தது. அதற்கு முன்பே பெரிய கட்சிகள் தனிப் பெரும்பான்மை பெறுவது தமிழ்நாட்டில் வழக்கமாகியிருந்தது. ஆகவே பேரம் தேர்தலுக்குப் பிந்திய அவையிலிருந்து தேர்தலுக்கு முந்திய தொகுதிப் பங்கீட்டுக்கு நகர்ந்தது. உறுப்பினர் கையிலிருந்து கட்சித் தலைமையின் கைக்குப் போனது.

மயிலத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1989இல் தொடங்கிய பா.ம.க.வின் நிறுவனர் வாழும் தைலாபுரம் இங்கிருந்து தூரமில்லை. ஆனாலும் 2011இல் தி.மு.க. கூட்டணியில் நின்ற பா.ம.க. இங்கே தோற்றது. 2016இல் தனித்து நின்ற அந்தக் கட்சிக்கு மாநிலத்தில் ஓரிடமும் இல்லை. 2021இல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்து மயிலத்தைக் குறைந்த வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆண்டு அது வென்ற மற்ற நான்கு தொகுதிகளான பென்னாகரம், தருமபுரி, மேட்டூர், சேலம் மேற்கு ஆகியவை வடமேற்கில் இருப்பவை. அதாவது பிறந்த மண்ணான பழைய தென்னார்க்காட்டில் கட்சிக்கு எஞ்சியது மயிலம் ஒன்றே.

பேரத்தின் விலையும் மாறிவிட்டது. 1954இல் விலை ஒருவருக்கான அமைச்சர் பதவி. 2021இல் விலை, தேர்தல் அறிவிப்பு வந்த பிப்ரவரி 26 அன்று பேரவையில் நிறைவேறிய, வன்னியருக்கான 10.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுச் சட்டம். அதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்ய, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தனிமனிதனின் பதவியைவிட ஒரு சமூகத்தின் கோரிக்கை பேரப் பொருளாவது சனநாயகத்துக்கு மேலானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் தொகுதி உறுப்பினருக்கு வேலை ஏதும் மிச்சமில்லை.

இன்று இரு பெரிய கட்சிகளும் அந்தப் பழைய உறுப்பினர்களை நினைவு மண்டபங்களாக ஆக்கியுள்ளன. 2019இல் அ.தி.மு.க. அரசு கடலூரில் படையாட்சிக்கு மண்டபம் திறந்தது. 2025 சனவரியில் தி.மு.க. அரசு விழுப்புரத்தில், 1987 இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கும் ஏ.ஜி.க்கும் நினைவிடங்கள் திறந்தது. மண்டபங்கள் இருக்கட்டும். 1952 முதல் 1957 வரையிலான பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அந்த 19 பேரும் என்ன கேட்டார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்பதை ஆய்வு மாணவர் யாரேனும் பக்கம் பக்கமாகப் படித்து எழுத முன்வர வேண்டும்.